மான்களின் கணக்கு: 1943ஆம் ஆண்டு வேட்டைப் பருவம் கற்பித்த பாடங்கள்

தமிழில் மானினத்திற்குப் பெயர்கள் பல. ஆணைக் கலை என்றும், பெண்ணைப் பிணை என்றும், குட்டியை மறி என்றும் நம் முன்னோர் பிரித்து வழங்கினர். கலையும் பிணையும் இணைந்து திரியும் காட்சிகள் நம் அகப்பாடல்களில் நிறைந்துள்ளன. பிணையின் மருண்ட நோக்கு பெண்ணின் நோக்கிற்கு உவமையாயிற்று. மான் என்றவுடன் நம் மனம் இளகுகிறது. வேட்டை என்றவுடன் முகம் சுளிக்கிறது. இந்த மனநிலை தமிழர்க்கு மட்டுமே உரியதன்று. அவ்வாறு இளகிய உள்ளமே ஒரு காட்டிற்கும் அக்காட்டில் வாழ்ந்த மான்களுக்கும் கேடாக முடிந்த வரலாறு ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உண்டு.

1943ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டின் வடபகுதியிலுள்ள விஸ்கான்சின் மாநிலத்தில் நடைபெற்ற மான்வேட்டையைப் பலர் 'நாற்பத்து மூன்றின் குற்றம்' என்று ஏசினர். அக்குற்றத்திற்கு உரியவராக அவர்கள் சுட்டிய மனிதர், தம் வாழ்நாள் முழுவதையும் காட்டிற்கும் காட்டுயிர்க்கும் ஒப்படைத்த பேராசிரியர் ஆல்டோ லியோபோல்ட். மானைக் காக்க விரும்பியவர் பிணைகளைச் சுடச் சொன்னது ஏன்? மக்கள் அவரை வெறுத்தது ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெட்டுண்ட காடு

விஸ்கான்சினின் வடபாதி ஒருகாலத்தில் வானளாவிய வெண்பைன் மரங்கள் நிறைந்த பெருங்காடாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்க நகரங்களின் வீடுகளுக்காக அக்காடு வெட்டி வீழ்த்தப்பட்டது. எஞ்சிய சருகும் கிளையும் தீக்கு இரையாயின. 1871ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் பெஷ்டிகோ என்னும் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் அழித்த காட்டுத்தீயில் 1,200க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இவ்வழிவில் மானும் தப்பவில்லை. மரவெட்டிகளின் முகாம்களுக்கும் நகரச் சந்தைகளுக்கும் இறைச்சியாக அது எல்லையின்றிக் கொல்லப்பட்டது. 1851இலேயே வேட்டைக்கு விலக்குப் பருவம் ஒன்றை மாநிலம் வகுத்திருந்தும் அதனை நடைமுறைப்படுத்துவார் இல்லை. இருபதாம் நூற்றாண்டு தொடங்கியபோது வெண்வால் மானின் எண்ணிக்கை கவலைக்குரியதாயிற்று. எனவே 1915இல் ஒரு சட்டம் வந்தது. கலைமானை மட்டுமே சுடலாம். பிணையையும் மறியையும் தொடலாகாது என்பது அதன் சாரம். நல்ல வேட்டைக்காரன் தாய்மானைச் சுடமாட்டான் என்னும் எண்ணம் ஒரு தலைமுறைக்குள் அறக்கோட்பாடாகவே வேரூன்றிவிட்டது.

அச்சட்டம் தன் காலத்திற்கு ஏற்ற சட்டமே. ஒரு கலை பல பிணைகளோடு கூடும். பிணையோ நல்ல மேய்ச்சல் கிடைத்தால் இரட்டைக் குட்டிகளை ஈனும். ஆகவே கலைகளை மட்டும் வேட்டையாடினால் இனம் குறையாது, பெருகும். குறைந்துபோன கூட்டத்தை மீட்க இதனினும் எளிய வழியில்லை. ஆனால், கூட்டம் மீண்ட பின்னரும் அதே சட்டம் நீடித்தால் என்ன நேரும் என்பதை அந்நாளில் எவரும் எண்ணவில்லை.

வேறு இரண்டு மாற்றங்களும் இதனோடு சேர்ந்துகொண்டன. வெட்டுண்ட காட்டில் முளைத்த இளமரங்களும் புதர்களும் மானுக்கு வாயெட்டும் உயரத்தில் பெருவிருந்தாக அமைந்தன. மறுபுறம், மானை உண்ணும் விலங்குகள் மறைந்தன. மலைச்சிங்கம் முன்னரே அற்றுப்போயிருந்தது. ஓநாய்த் தலைக்கு 1865 முதல் மாநிலம் பரிசுப்பணம் வழங்கிவந்ததால் அதுவும் வட எல்லையின் சில மூலைகளில் மட்டுமே எஞ்சியது. உணவு மிகுந்தது, பகை குறைந்தது, சட்டம் பிணையைக் காத்தது. மான்கள் பெருகின.

பனிக்காலப் பசி

கோடையில் அக்காட்டைக் காண்பவருக்குக் குறை ஏதும் தோன்றாது. உண்மை வெளிப்படுவது பனிக்காலத்தில்தான். ஆழ்ந்த பனி விழுந்ததும் வெண்வால் மான்கள் காடெங்கும் திரிவதை நிறுத்திவிட்டு, குளிர்காற்று புகாத செடார் மரச் சதுப்புகளில் கூட்டமாக ஒதுங்குகின்றன. நம் ஊர்களில் ஆட்டுக்கிடை என்போமே, அதுபோன்ற கிடை அது. மாதக்கணக்கில் அவை அவ்விடத்தை விட்டு அகல்வதில்லை. ஆண்டுதோறும் அதே கிடைக்கே திரும்புகின்றன.

கிடையிலுள்ள செடார்த் தழையும் இளங்கிளையுமே அவற்றின் உணவு. மான்கள் மிகுந்தபோது, பின்னங்கால்களில் நின்று எட்டும் உயரம்வரை அனைத்தும் தின்னப்பட்டன. அவ்வுயரத்தில் காடெங்கும் கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை தெரிந்தது. அதற்கு மேலே பசுமை, கீழே வெறுங்கட்டை. வளர்ந்த கலைக்கு எட்டும் கிளை மறிக்கு எட்டாது. ஆகவே முதலில் மடிந்தவை மறிகளே. இறந்த மானின் தொடையெலும்பை உடைத்துப் பார்த்தால், வெண்மையாகக் கொழுப்பு நிறைந்திருக்க வேண்டிய மூளை சிவந்த கூழாக மாறியிருக்கும். பட்டினிச் சாவிற்கு அதுவே சான்று.

மக்கள் இரங்கினர். 1930களின் நடுப்பகுதியிலிருந்து மாநிலம் வைக்கோலும் பிற தீவனமும் கொண்டுபோய்க் கிடைகளில் இட்டது. அதனால் சில மான்கள் பிழைத்தன. பிழைத்தவை மறுபடியும் ஈன்று, ஏற்கெனவே மொட்டையான கிடைக்கு இன்னும் பெரிய கூட்டத்தைக் கொணர்ந்தன. வைக்கோல் மானின் இயல்பான உணவும் அன்று. வயிறு நிறைய வைக்கோலுடன் பட்டினியால் இறந்த மான்கள் காணப்பட்டன.

கைபாப் தந்த எச்சரிக்கை

இத்தகைய நிலை நேருவது அமெரிக்காவில் அதுவே முதன்முறையன்று. அரிசோனாவில் கொலராடோ ஆற்றுப் பெரும்பள்ளத்தாக்கின் வடகரையில் கைபாப் என்னும் மேட்டுநிலம் உள்ளது. 1906இல் குடியரசுத்தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அதனை மான்களின் புகலிடமாக அறிவித்தார். வேட்டை நிறுத்தப்பட்டது. அரசு வேட்டைக்காரர்கள் நூற்றுக்கணக்கான மலைச்சிங்கங்களையும், கயோட்டி என்னும் சிறு ஓநாய்களை ஆயிரக்கணக்கிலும் கொன்றனர். பெரிய ஓநாய் அவ்விடத்தில் அற்றே போயிற்று. ஏறத்தாழ 4,000 என்று கருதப்பட்ட மான்கள் 1924 அளவில் 30,000 என்றும், 1,00,000 என்றும் பலவாறு மதிப்பிடப்பட்டன. காடு மொட்டையாயிற்று. அடுத்த இரு பனிக்காலங்களில் மான்கள் பெருந்தொகையாகப் பட்டினியால் மடிந்தன.

மான்களைக் காக்க அப்போது நடந்த முயற்சி ஒன்று இன்று வேடிக்கையாகத் தோன்றும். 1924 டிசம்பரில் மெக்கார்மிக் என்பவர் குதிரை வீரர்களையும் பழங்குடியினரையும் திரட்டி, மணியடித்தும் கூச்சலிட்டும் மான்களைப் பள்ளத்தாக்கின் வழியே ஆற்றைக் கடக்கச் செய்து தென்கரைக்கு ஓட்டிச்செல்ல முனைந்தார். புகழ்பெற்ற புதின ஆசிரியர் சேன் கிரே அதனைக் காண வந்திருந்தார். பனிப்புயல் வீசியது. மான்கள் ஆட்களினூடே திரும்பி ஓடின. ஒரு மான்கூட அக்கரை சேரவில்லை. ஆடுமாடுகளைப் போல் மானை ஓட்டிச்செல்ல இயலாது என்பதை அறிய அத்துணைப் பாடு வேண்டியிருந்தது. மான்களைக் குறைக்கும் அதிகாரம் நடுவண் அரசுக்கா மாநிலத்திற்கா என்னும் வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்று, 1928இல்தான் நடுவண் அரசுக்குச் சாதகமாகத் தீர்ந்தது.

ஒரு மனமாற்றம்

இவ்வரலாற்றை விஸ்கான்சின் மக்களுக்கு எடுத்துக்காட்டி எச்சரித்தவர் லியோபோல்ட். 1887இல் அயோவா மாநிலத்தில் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்று, 1909இல் அரிசோனாவில் வனத்துறைப் பணியில் சேர்ந்தவர் அவர். தென்மேற்கில் பணியாற்றிய இளமைக்காலத்தில் ஓநாயும் மலைச்சிங்கமும் வேரோடு ஒழிய வேண்டும் என்று மேடைதோறும் பேசினார், எழுதினார். ஓநாய் குறைந்தால் மான் பெருகும். மான் பெருகினால் வேட்டைக்காரர்க்கு இன்பம். அவருடைய அந்நாளைய கணக்கு இவ்வளவே.

அக்கணக்குப் பிழையென்று உணர அவருக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. 1924இல் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்தார். 1933இல் 'வேட்டை விலங்கு மேலாண்மை' என்னும் அவரது நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அத்துறைக்குப் பேராசிரியரானார். 1935இல் செர்மனிக்குச் சென்றார். வரிசைவரிசையாக நட்ட மரங்களையும், குளிர்காலத்தில் தீவனமிட்டு வளர்க்கப்பட்ட மிகுதியான மான்களையும், கீழ்ச்செடிகள் அற்ற தரையையும் அங்கே கண்டார். அடுத்த ஆண்டு மெக்சிகோ நாட்டின் கவிலான் ஆற்றுப்புறத்திற்குச் சென்றார். அங்கே ஓநாயும் மலைச்சிங்கமும் இருந்தன. மானும் போதுமான அளவில் இருந்தது. மலைச்சரிவு பசுமை குன்றாதிருந்தது. மானைக் காத்த நாட்டில் காடு நோயுற்றிருந்தது; ஓநாய் உலவிய நாட்டில் காடு நலமாயிருந்தது. இவ்விரு காட்சிகளும் அவருடைய பழைய கணக்கைப் புரட்டிவிட்டன.

அந்தப் பருவம்

1942இல் விஸ்கான்சின் மாநிலம் மான்களின் நிலையை ஆராயக் குடிமக்கள் குழு ஒன்றை அமைத்து, லியோபோல்டைத் தலைவராக்கியது. கடும்பனி பெய்த அக்குளிர்காலத்தின் இறுதியில் குழுவினர் வடபகுதிக் கிடைகளுக்கு நேரே சென்றனர். மொட்டையான செடார்களையும், பனியில் கிடந்த மறிகளின் உடல்களையும் கண்டனர். ஐயத்தோடு சென்றவர்களும் மனம் மாறித் திரும்பினர். தீவனமிடுவதால் பயனில்லை, ஓநாய்க்குப் பரிசளிப்பது நிற்கவேண்டும், கொம்பில்லா மான்களை, அதாவது பிணைகளையும் மறிகளையும், வேட்டையாடிக் கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்பன அவர்கள் கண்ட முடிவுகள். 1943இல் லியோபோல்ட் மாநில இயற்கைவளக் காப்பு ஆணையத்தின் உறுப்பினராகவும் அமர்த்தப்பட்டார்.

எதிர்ப்பும் எழுந்தது. 'விஸ்கான்சின் மான்களைக் காப்போம்' என்னும் பெயரிலேயே ஒரு செய்தித்தாள் தொடங்கி அவரைத் தாக்கிற்று. முந்திய ஆண்டில்தான் வால்ட் டிஸ்னியின் 'பாம்பி' திரைப்படம் வெளியாகி, வேட்டைக்காரனால் தாயை இழந்த மான்குட்டியின் துயரத்தைத் திரையில் காட்டியிருந்தது. தாய்மானைச் சுடுவது இழிவென்று தந்தையரிடம் கற்ற வேட்டைக்காரர்களும், வேட்டையையே வெறுத்தவர்களும் ஒரே அணியில் நின்றனர். பட்டினி கிடக்கும் மானைத் தாங்கள் கண்டதில்லை என்றனர் பலர். அவர்கள் காட்டிற்குச் செல்வது நவம்பரில். மான் மடிவதோ அடுத்த பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில். காணாததை நம்பாதது அவர்கள் குற்றமன்று.

முடிவில் பிறந்தது ஒரு சமரசம். கிளைத்த கொம்புடைய கலைகளுக்கு நான்கு நாட்கள். சிறு இடைவெளிக்குப்பின் கொம்பில்லா மான்களுக்கு நான்கு நாட்கள். அப்பருவத்தில் ஏறத்தாழ 1,28,000 மான்கள் வீழ்ந்தன. அவற்றுள் ஏறக்குறைய பாதி கொம்பில்லாதவை. இது முந்திய ஆண்டின் வேட்டையைவிட இரு மடங்கிற்கும் மேலாகும். வேட்டைக்காரர்கள் பாதை எளிதான இடங்களில் குவிந்தனர். மான் மிகுந்து காடு அழிந்துகொண்டிருந்த வடபகுதிக் கிடைகளைச் சுற்றிக் குறைவாகவும், குறைக்கத் தேவையில்லாத இடங்களில் மிகுதியாகவும் வேட்டை நிகழ்ந்தது. கொள்கை சரியானது, அதனை நிறைவேற்றிய விதம் பிழைபட்டது.

வெறிச்சோடிய இடங்களைக் கண்டவர்கள் மான் இனமே அழிந்ததென்று கொதித்தனர். 'நாற்பத்து மூன்றின் குற்றம்' என்னும் பெயர் அப்போது எழுந்ததே. அடுத்த ஆண்டே மாநிலம் கலைமான் மட்டும் என்னும் பழைய வழிக்குத் திரும்பிற்று. லியோபோல்ட் ஆணையத்தில் தொடர்ந்து இருந்து, ஏச்சுகளைக் கேட்டுக்கொண்டே தம் கருத்தை எடுத்துரைத்துவந்தார்.

ஒப்புக்கொண்ட பிழை

அப்பூசல் அடங்காதிருந்த 1944இன் தொடக்கத்தில், அவருடைய பழைய மாணவரும் ஓவியருமான ஆல்பர்ட் ஹோக்பாம் ஆசிரியருக்குக் கடிதங்கள் எழுதினார். தாங்கள் தொகுத்துவரும் கட்டுரைகளில் பிறர் செய்த அழிவு பேசப்படுகிறது. அவ்வழிவில் தங்களுக்கும் பங்கு இருந்ததே, அதனை ஏன் எழுதவில்லை என்பது அம்மாணவரின் வினா. மாணவன் ஆசிரியரைக் கேட்கத் தயங்கும் வினாதான். ஆசிரியர் சினங்கொள்ளவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில், 'மலையைப் போல் சிந்தித்தல்' என்னும் கட்டுரையை எழுதினார்.

1909இல் அரிசோனா மலையில் தாமும் தோழர்களும் ஓநாய்க் கூட்டத்தின்மீது சுட்டதையும், வீழ்ந்த தாய் ஓநாயின் கண்களில் ஒரு பச்சை ஒளி அணைவதைக் கண்டதையும் அதில் அவர் கூறுகிறார். மான் ஓநாய்க்கு அஞ்சுவதுபோல் மலை தன் மான்களுக்கு அஞ்சுகிறது என்பது அக்கட்டுரையின் உட்பொருள். மக்களைத் திருத்த வந்தவர், தம் இளமைப் பிழையை மக்கள் முன் வைத்த பின்னரே அவருடைய உரைநடை முழு வலிமை பெற்றது என்று கூறலாம். இலக்கிய வட்டத்தார் நினைவில் கொள்ளத்தக்க செய்தி இது.

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், அண்டைநிலத்தில் பரவிய புல்தீயை அணைக்கச் சென்றவிடத்தில் லியோபோல்ட் மாரடைப்பால் காலமானார். கட்டுரைத் தொகுதியை வெளியிடப் பதிப்பகம் ஒப்புக்கொண்டு ஒரு வாரமே ஆகியிருந்தது. நூல் 1949இல் வெளிவந்தது. அதே ஆண்டில் விஸ்கான்சின் அரசு கொம்பில்லா மான் வேட்டையை மீண்டும் அனுமதித்தது. 1,59,000க்கும் மேற்பட்ட மான்கள் வீழ்ந்தன. 1950இல் எம்மானையும் வேட்டையாடலாம் என்று விட்டபோது அத்தொகை 1,67,000ஐத் தாண்டியது. 1943இல் அழிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட கூட்டம் அத்துணைப் பெரிதாக இருந்தது! ஓநாய்க்கோ காலம் கடந்துவிட்டது. 1957இல் பரிசுப்பணம் நிறுத்தப்பட்டது. 1960 அளவில் விஸ்கான்சினில் ஓநாய் இல்லை. 1970களின் நடுவில்தான் அண்டை மாநிலமான மின்னசோட்டாவிலிருந்து அது தானே திரும்பி வந்தது.

பாடங்கள்

இவ்வரலாற்றை நன்மை தீமைக் கதையாகச் சுருக்கிவிடலாகாது. கைபாப் நிகழ்ச்சிக்குத் தரப்பட்ட எண்களை நியூசிலாந்து அறிஞர் கிரேம் காக்லி 1970இல் வினாவிற்குள்ளாக்கினார். மேய்ந்த ஆடுமாடுகள் குறைந்ததும் மான் பெருகக் காரணமாகலாம் என்று அவர் சுட்டினார். அதன்பின் பாடநூல்களிலிருந்தே அக்கதை நீங்கத் தொடங்கியது. 2006இல் வெளியான ஆய்வு ஒன்று அம்மேட்டுநிலத்து ஆஸ்பென் மரங்களின் வயதைக் கணக்கிட்டு, மான் மிகுந்ததாகச் சொல்லப்பட்ட ஆண்டுகளில் இளமரங்கள் தலையெடுக்கவில்லை என்று காட்டி, பழைய கூற்றிற்கு ஓரளவு வலுவூட்டியது. உண்மை இவ்வாறுதான் முன்னும் பின்னும் நடந்து நிலைபெறுகிறது.

எனினும் அந்தப் பருவத்திலிருந்து நாம் உறுதியாகக் கற்கத்தக்கவை சில உண்டு. முதலாவது, பஞ்சக் காலத்துச் சட்டம் பெருக்கக் காலத்திற்குப் பொருந்தாது. 1915இல் மானைக் காத்த அதே விதி 1943இல் மறியைப் பட்டினியிட்டது. இரண்டாவது, ஓருயிரை மட்டும் தனியே பிரித்து அன்பு செய்வது அவ்வுயிர்க்கே தீங்காகலாம். அந்தமான் தீவுகளில் பிரித்தானியர் கொணர்ந்துவிட்ட புள்ளிமான்கள், வேட்டையாடும் பெருவிலங்கு இல்லாத காட்டில் பெருகி அங்குள்ள இளமரங்களை வளரவிடாமல் செய்திருப்பதை அங்குக் குடியேறி வாழும் தமிழரும் அறிவர்.

மூன்றாவது பாடமே கடினமானது. உண்மையை அறிந்தால் மட்டும் போதாது. அதனை மக்களோடு சேர்ந்து காணவேண்டும். கிடைக்குச் சென்று கண்ட குழுவினர் மனம் மாறினர். செல்லாத பல்லாயிரவர் மாறவில்லை. லியோபோல்ட் தம் எதிரிகளை அறிவினால் வென்றார். ஆயின் நம்பிக்கையைப் பெறவில்லை. 2002இல் அதே மாநிலத்தில் மான்களிடையே தீராத மெலிவுநோய் ஒன்று கண்டறியப்பட்டபோது, நோயுற்ற பகுதியில் மான்களை அடியோடு குறைக்க அரசு முனைந்தது. நிலக்கிழார்களும் வேட்டைக்காரர்களும் ஒத்துழைக்கவில்லை; திட்டம் கைவிடப்பட்டது; நோய் பரவியது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பாடம் முற்றுப்பெறவில்லை.

கலை, பிணை, மறி என மூன்றையும் தனித்தனியே பெயரிட்டு அழைத்தது நம் மொழி. விஸ்கான்சின் சட்டம் கலையைக் கணக்கிட்டது; மக்கள் உள்ளம் பிணைக்கு இரங்கியது. பனியில் நின்று, எட்டாத கிளையை அண்ணாந்து பார்த்த மறியை எண்ணிப்பார்த்தவர் சிலரே. இரக்கமும் கணக்கும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தால், இறப்பது அந்த மறியே.